முன்பக்கம் மாற்றாத வண்டி

1

ஏர் ஃபில்டர் வாங்க வந்த இரண்டு பேரிடமிருந்து இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதும் சரியில்லை. அவர்கள் கதையைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போகவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு ஹாஃப்-கட் கடையில் வேலை பார்க்கிறேன். ஜப்பானில் ஓடி ஓய்ந்த வண்டிகளைப் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அதைக் கழற்றி இஞ்சின், அச்சு, பல்சக்கரம் என்று தனித்தனியாக விற்பது எங்கள் தொழில். எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். கடல் தாண்டி இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைக்கு மேலேதான் அறை. பேச ஆள் கிடைக்காத நாட்களில் எழுதிப் பார்ப்பேன். எழுதச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை, அதனால் இதில் தப்பு இருந்தால் அது முழுக்க என் தப்பு.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"மேருவில் அன்று காலையிலிருந்தே மழை." (மழையே இல்லை. கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது.)

"சுகுமாறன் நல்ல மனிதர்." (இதை அடிக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை.)

"லோகனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது ஏன் போனது என்று சுகுமாறனுக்கு மட்டும்தான் தெரியும்."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு.

2

சுகுமாறனுக்கு ஐம்பத்தாறு வயது. லோகன் இரண்டு வயது இளையவர். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலையில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். சுகுமாறனிடம் தொண்ணூற்று மூன்றாம் வருட ஜப்பான் பிக்கப் ஒன்று இருந்தது. டீசல் வண்டி. லீவரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இங்கே அதைப் 'போர் வீல் போடுவது' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டு வண்டிகள் ஒன்று சேர்ந்து செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஏறி இறங்கிவிட்டு வருவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகுமாறன் வண்டிக்குப் பெரிய டயர் போட்டார். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் டயர் பெரிதானால் பழைய இஞ்சினுக்கு இழுப்பு போதாது. டெங்கில் பக்கம் ஒரு மேட்டில் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. லோகனுடைய வண்டிதான் கயிறு போட்டு இழுத்தது.

"டேய் சுகு, ஒன் வண்டிக்கு சப்பாத்து பெருசு, காலு சின்னதுலா!" என்றார் லோகன்.

"சிரிடா சிரி. அடுத்த மாசம் பாரு."

"அடுத்த மாசம் கயித்த நானே கொண்டு வந்துர்றேன். நீ டீ மட்டும் கொண்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சுகுமாறனும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும் அவர் ரேடியோவைப் போடவில்லை.

இதற்கு மருந்து உண்டு. அச்சின் நடுவில் கிரவுன் பினியன் என்று ஒரு பல்சக்கர ஜோடி இருக்கும். இஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சுகுமாறன் வண்டியில் இருந்தது நாலு புள்ளி ஒன்று. பெரிய டயருக்கு நாலு புள்ளி எட்டு எட்டு வேண்டும். வேகம் குறையும், இழுப்பு கூடும்.

(இந்த இடத்தில் தூங்கிவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் அடுத்த வரியில்தான் ஒருவருடைய கால் இருக்கிறது.)

முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று இருந்தால் போர் வீல் போடவே கூடாது. போட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி, நடுவில் உள்ள பெட்டி உடைந்துவிடும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: முன்னும் பின்னும் ஒரு ஜோடியாகக் கம்பி போட்டுக் கட்டித்தான் வைப்போம். பிரித்து விற்கமாட்டோம்.

அந்த வாரம் கடையில் ஒரு ஜோடிதான் இருந்தது. அதிலும் முன்னாலே போடுவதில் ஒரு பல் உடைந்திருந்தது. வேறு வரும்வரை விற்காமல் ஒதுக்கி வைத்திருந்தோம். சுகுமாறனோ ஞாயிற்றுக்கிழமை உலு லங்காட் போவதாகச் சொல்லியிருந்தார். போதாததற்கு, இரண்டு பக்கமும் மாற்றிவிட்டதாக முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கடை முதலாளி, எங்கள் தவுக்கே, கொஞ்சம் யோசித்தார். பிறகு கம்பியை வெட்டிப் பின்பக்கத்தை மட்டும் கொடுத்தார்.

3

உலு லங்காட்டில் அந்தச் சரிவு பெரிய சரிவு இல்லை. சிவப்புக் களிமண். முந்தின நாள் நனைந்து மேலே மட்டும் காய்ந்திருந்தது. அடியில் வழுக்கும்.

சுகுமாறனின் முறை வந்தது. லோகன் மரக்கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். வண்டி வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பது அவர் வேலை. போர் வீல் போட்ட வண்டிக்குப் பின்னால்தான் அப்படி நிற்பார்கள். அது மெதுவாகத்தான் வழுக்கும், கட்டை கொடுத்துவிட்டு விலக நேரம் இருக்கும். ரெண்டு சக்கரத்தில் ஏறும் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள்.

"போர் வீல் போட்டியாலா?" என்று லோகன் கத்தினார்.

சுகுமாறனின் கை லீவரின் மேல் இருந்தது. தள்ளினால் பெட்டி உடையும். தள்ளவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எட்டு வண்டி ஆட்கள் நின்று பார்க்கிறார்கள்.

"போட்டாச்சுலா!"

முக்கால்வாசி நன்றாக ஏறியது. அதை அவர் இன்றைக்கும் நினைத்துக்கொள்வார். முக்கால்வாசி ஏறிவிட்டது. பிறகு பின் சக்கரம் இரண்டும் சும்மா சுழன்றன. பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றபடியே வழுக்கியது. கண்ணாடியில் லோகன் குனிவது தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

மழையால் வந்த வினை என்றார்கள். களிமண்ணைத் திட்டினார்கள். சுகுமாறனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்தான் லோகனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வேறொருவர் வண்டியில் பறந்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் படுத்தவர். கால் எடுத்த பிறகு, இரண்டு வருடம், ஒரு வியாழக்கிழமை தவறாமல் லோகனை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போனவர்.

லோகனின் மனைவி புனிதா ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னார்:

"கூடப் பொறந்தவன் ரெண்டு பேரு இருக்கானுங்க அண்ணே. ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீங்கதான்."

சுகுமாறன் தட்டைப் பார்த்தபடி, "ரசம் நல்லாருக்கும்மா" என்றார்.

அன்றைக்கு வீட்டில் ரசமே வைக்கவில்லை. புனிதா அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. (பிறகு லோகன் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'சுகுவுக்கு மண்டையில ஒன்னுமே நிக்க மாட்டேங்குது' என்று.)

4

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே ஒரு மாடியில், மாதக் கடைசி ஞாயிறு, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி எழுதியதை வாசிப்பார்கள். நான் கடைசி நாற்காலியில் உட்காருகிற ஆள். அன்றைக்கு எழுந்து வாசித்தேன்.

முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு தாமரை என்ற பெண் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவர்.

"கத நல்லாருக்கு. ஒரு எடம் மட்டும் பொய்யி."

"எந்த எடம் டீச்சர்?"

"தவுக்கே கம்பிய வெட்டுற எடம். எங்கப்பா பூச்சோங்ல பெங்கேல் வச்சிருந்தாரு, வண்டி ரிப்பேர் பாக்குற எடம். நான் அந்தக் கடைங்களுக்கெல்லாம் அவரு கூடப் போயிருக்கேன். எந்தத் தவுக்கேயும் ஜோடியப் பிரிக்க மாட்டான். தலகீழா நின்னாலும் மாட்டான். மிச்சம் இருக்குற ஒன்ன வச்சிக்கிட்டு அவன் என்னா செய்வான்? வேற யாரோதான் வெட்டியிருக்கணும்."

"கதைதானே டீச்சர்" என்றேன்.

"அப்பன்னா நம்புற மாதிரி எழுதுங்க. தவுக்கே இல்லாத நேரத்துல, கேக்குறவரு மூஞ்சப் பாத்து எரக்கப்பட்டு ஒருத்தன் வெட்டியிருப்பான். சம்பளத்துக்கு நிக்கிறவன். அவன எங்க காணோம் ஒங்க கதையில?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரயிலில் கிள்ளான் வந்து சேரும்வரை எடுத்துப் பார்க்கவில்லை.

5

திருத்தம். இரண்டாம் பகுதியின் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு இதைப் படிக்கவும்.

தவுக்கே அன்று ஈப்போ போயிருந்தார். கவுன்டரில் நான்தான். சுகுமாறன் மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

"தம்பி, முன்னாடிக்கு எப்ப வரும்?"

"அடுத்த கப்பல்ல வரும்ணே. ரெண்டு மூனு வாரம் ஆவும்."

"பின்னாடிய மட்டும் குடு. முன்னாடி வந்தோன மாத்திக்கிறேன். அதுவரைக்கும் போர் வீல் போடமாட்டேன். சாமி சத்தியமா."

"பிரிச்சிக் குடுக்கக் கூடாதுண்ணே."

"ஞாயித்துக்கெழம எல்லாம் கயித்தோட வந்து நிப்பானுங்கடா தம்பி. நீ ஊர்ல ஒருத்தன் ஒன்னையப் பாத்து சிரிச்சா தாங்குவியா?"

அவர் என்னிடம் ஊரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டியதில்லை. ஒன்பது வருடத்தில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று என் ஊர் என்று ஒரு வார்த்தை சொன்னவர்கள் குறைவு. நான் கட்டரை எடுத்துக் கம்பியை வெட்டினேன்.

ஆகவே முதல் பகுதியில் 'சுகுமாறனுக்கு மட்டும்தான் தெரியும்' என்று எழுதியதும் பொய். 'மட்டும்' என்பதை அடித்துவிட்டேன்.

விபத்துக்கு இரண்டு வாரம் கழித்து முன்பக்கத்துக்கான பல்சக்கரம் கப்பலில் வந்தது. அவர் வாங்க வரவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல நடந்துகொண்டோம், பேசாமலே.

6

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். லோகன் செயற்கைக் காலில் நன்றாகவே நடந்தார். சுகுமாறன் ஓரடி பின்னால் வந்தார்.

"தம்பி, ஏர் ஃபில்டர் ஒன்னு வேணும். சுகு வண்டிக்கு" என்றார் லோகன். "வண்டிய நான் எடுத்துக்கிறேன். உலு லங்காட்ல ஒரு டுரியான் தோட்டம் வாங்கியிருக்கேன், மேட்டு மேல. சின்ன வண்டி ஏறாது. நாளைக்கே வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு ஏறப்போறேன்."

"நாளைக்கா?" என்றார் சுகுமாறன்.

"பின்ன? தார்ப்பாய் போட்டு இன்னும் ரெண்டு வருசம் கும்புடப்போறியா?"

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அந்த மேட்டில் லோகன் போர் வீல் போடுவார். போட்டால் பாதி மேட்டில் பெட்டி உடையும். வண்டி பின்னால் வரும். பக்கத்தில் புனிதா இருப்பார். நாளைக்குள் சுகுமாறன் வாயைத் திறக்க வேண்டும்.

நான் மூன்று ஃபில்டரை எடுத்து வைத்தேன்.

"இது பருத்தித் துணியில எண்ண போட்டது. ரேசிங் ஃபில்டர். காத்து நெறய இழுக்கும். கழுவிக் கழுவி மாட்டலாம்."

"செவப்பா அழகா இருக்கு" என்றார் லோகன்.

"அழக வச்சி என்னா செய்யிறது?" சுகுமாறன் முதல் தடவையாக உற்சாகமாகப் பேசினார். "காத்து நெறய இழுத்தா மண்ணும் நெறய இழுக்கும். தோட்டத்துப் பாதையில லோரி போற தூசி மாவு மாதிரி இருக்கும். உள்ள போச்சுன்னா ஆறே மாசத்துல ரிங்கு தேஞ்சி நீலப் பொகை விடும். பேப்பர் ஃபில்டர் போடு. மாசா மாசம் தட்டு. கறுத்துப்போனா தூக்கிப் போடு. மேல ஒரு கிண்ணம் வைக்கிறதும் வாங்கிக்க, பெரிய தூசியெல்லாம் அதுலயே நின்னுரும்."

"பாத்தியா தம்பி? என் வீட்டுக்காரிகூட எனக்கு இவ்ளோ பாத்துப் பாத்துச் செய்யமாட்டா."

சுகுமாறன் பேப்பர் ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். கிழிசல் இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தார். இன்னும் நேரம் வேண்டும் என்பதற்காகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

(வாசித்தவர்களில் ஒருவர், ஃபில்டர் என்பது மனசாட்சிதானே என்று கேட்டார். இல்லை. ஃபில்டர் ஃபில்டர்தான். கிள்ளான் தூசிக்குப் பேப்பர்தான் நல்லது.)

அப்போது லோகன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கிரவுன் பினியன் முன்னாடி பின்னாடி ரெண்டும் நீதானே எடுத்துக் குடுத்த? நாலு எட்டு எட்டு?"

சுகுமாறன் ஃபில்டரைக் கீழே வைக்கவில்லை.

நான், "ஆமாண்ணே" என்றேன்.

அந்த 'ஆமாண்ணே' தான் என்னை எழுத உட்காரவைத்தது. ஒரு தடவை ஒரு ஆள் கெஞ்சினான் என்று கம்பியை வெட்டினேன். இந்தத் தடவை யாரும் கெஞ்சக்கூட இல்லை.

7

"நீயும் வா தம்பி, ஃபில்டர மாட்டிக் குடுத்துட்டு வந்துரு" என்று லோகன் கூப்பிட்டதால் நானும் போனேன். சுகுமாறனின் வீடு கடையிலிருந்து பத்து நிமிடம். தார்ப்பாயை எடுத்தோம். ஃபில்டரை மாட்டினேன். வண்டி இரண்டாவது திருகலில் எழுந்தது. லோகன் கை தட்டினார்.

"சரி, எண்ணிருவோமா?" என்றார்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இங்கே இப்படித்தான் செய்வார்கள். ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அடியில் ஓடும் தண்டில் ஒரு கோடு. மேலே ஒருவர் சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுவார். (மறுபக்கச் சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் இந்த இரண்டு சுற்று ஒன்றுக்குத்தான் சமம்.) அடியில் படுத்திருப்பவர் தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுவார். அந்த எண்தான் கிரவுன் பினியனின் எண்.

"எதுக்குலா எண்ணிக்கிட்டு" என்றார் சுகுமாறன். "நான் சொன்னா நம்பமாட்டியா?"

"நீதானடா எனக்குச் சொல்லிக் குடுத்த? அப்பன் வித்தாலும் எண்ணி வாங்குன்னு." லோகன் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு, செயற்கைக் காலைக் கையால் பிடித்து ஒழுங்கு செய்துகொண்டு, வண்டிக்கு அடியில் போனார்.

முதலில் பின்பக்கம். சுகுமாறன் இரண்டு சுற்றுச் சுற்றினார். "நாலு... அஞ்சு ஆவப்போவுது... ஆங், நாலே முக்காலுக்கு மேல. சரியா இருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பிறகு முன்பக்கம். ஜாக்கியை மாற்றி வைத்தோம்.

இப்போது எல்லாம் சுகுமாறனின் கையில் இருக்கிறது. சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் அடியில் தண்டு நாலும் கொஞ்சமும் சுற்றும். லோகனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஆனால் டயரில் உள்ள கோடு அடியில் கிடக்கும் லோகன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சுற்றுக்கு மேலே இன்னும் ஒரு மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிட்டால் போதும். தண்டு நாலே முக்காலைத் தாண்டிவிடும். வண்டியில் ஒரு சின்ன வேலை பாக்கி, அடுத்த வாரம் எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக முன்பக்கத்தை மாற்றிவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. லோகன் வருவார், புனிதா வருவார், டுரியான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இந்த முடிவை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க எல்லோரும் சிரித்தார்கள். அதனால்தான் கிழித்தேன்.

சுகுமாறன் சரியாக நிறுத்தி, அடியில் குனிந்து, "லோகா, வெளிய வா, ஒன்னு சொல்லணும்" என்று சொல்வதாகவும் எழுதினேன். அதற்குப் பிறகு லோகன் என்ன சொல்லியிருப்பார் என்று எழுத வரவில்லை. திட்டினாரா, காலைக் கழற்றி எறிந்தாரா, ஒன்றும் பேசாமல் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரா? ஒரு காலை இழந்தவர் பேச வேண்டியதை நான் எப்படி எழுதுவது?

மூன்றாவது முடிவில், கவுன்டர்க்காரன் வாயைத் திறக்கிறான். அது ஒரு வரிதான் வந்தது. அந்த வரியை இருபது தடவை எழுதினேன்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. லோகனுக்கு முன்பே தெரியுமோ? இரண்டு வருடம் வீட்டோடு இருந்தவருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்திருக்கும். போர் வீல் போட்ட வண்டி அப்படி வழுக்காது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வண்டியை வாங்குவதே எண்ணிப் பார்க்கத்தானோ? அப்படி எழுதினால் கதை கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அவர் ஃபில்டரின் சிவப்பைப் பார்த்துச் சிரித்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த முகத்தில் அது இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதவில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். சுகுமாறன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றின் கடைசியில் சாக்பீஸ் கோடு மேலே வந்து நின்றது. அவருடைய இரண்டு கையும் டயரின் மேல் இருந்தன. முழங்கை வரை சிவப்புத் தூசி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னா நிறுத்திட்ட?" என்றார் லோகன். "ரெண்டு சுத்து ஆயிருச்சா, இல்ல இன்னும் இருக்கா?"

அதற்கு மேல் நடந்ததை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் சுகுமாறனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் போய்விடுவீர்கள். லோகன் கேட்டதை இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார்.